முகம் விட்டுக் கட்டுவது

ஓய்வு பெற்ற பிறகு போன மாதம் ஆலைக்கு வந்திருந்தபோது, தோட்டப் பிரிவில் உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார். "மேடம், குளிருக்காகத்தானே செடியைச் சுத்திக் கட்டறோம்? அப்புறம் எதுக்கு ஆள் முகம் உயரத்துல ஒரு ஓட்டை விடறோம்? அது வழியா குளிர் உள்ள போகாதா?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அது பழைய மேடம் போட்டுவிட்டுப் போன ரூல், கேள்வி கேட்காமல் செய் என்று யாரோ உங்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. கேள்வி கேட்காமல் வேலை செய்கிற தோட்டக்காரர்களை எனக்குப் பிடிக்காது. அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இப்போது ஓய்வாக உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. வேலையில் இருந்த காலம் முழுக்க நான் பயந்தது பூஞ்சைக்கு மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வாசலிலிருந்து கேன்டீன் திருப்பம் வரை சாலையின் இரு பக்கமும் நிற்கிற சிவப்புத் தண்டுப் பனைகளைத் தினமும் பார்க்கிறீர்கள். நர்சரிக்காரர்கள் ரெட் பாம் என்பார்கள். மலேசியப் பக்கத்துச் சதுப்புக் காடுகளில், வருடம் முழுக்கப் புழுக்கத்தில் வளர்கிற செடி அது. அப்போதிருந்த அட்மின் மேனேஜர் எங்கோ கடலோரத்து விடுதியில் அதைப் பார்த்து மயங்கிவிட்டார். "ஓசூர்ல ரோஜா வருது, ஜெர்பரா வருது, இது மட்டும் வராதா?" என்றார். குளிரில் செழிக்கிற ரோஜாவும் குளிரில் கருகுகிற பனையும் ஒன்றா சார் என்று கேட்டேன். அவர் ஒற்றைக் காலில் நின்றார். பனைகள் லாரியில் வந்து இறங்கின. அவற்றைக் காப்பாற்றுகிற வேலையை என் தலையில் கட்டினார்.

பனிக்கட்டி விழாத ஊரில் என்ன பெரிய குளிர்காலப் பாதுகாப்பு என்று சென்னையிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். மார்கழி பிறந்தால் அவர்களே மஃப்ளர் வாங்க ஓசூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடுவார்கள். நமக்குச் சில்லென்று இருக்கிற குளிர் அந்தப் பனைக்குச் சாவு. இலை மஞ்சளாகும், தண்டின் சிவப்பு மங்கும், அப்புறம் நடுக்குருத்து போய்விடும்.

முதல் வருடம் மட்டைகளை மேலே கூட்டிக் கொண்டை மாதிரி கட்டி, தூரைச் சுற்றி வைக்கோல் திணித்து, வெளியே கோணிச் சாக்கைச் சுற்றினோம். பிழைத்துக்கொண்டன. அடுத்த வருடம் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆலையைப் பார்க்க வருகிறார்கள் என்ற செய்தி வந்தது. "சாக்கு வேணாம் மேடம், அரிசி மண்டி மாதிரி இருக்கு" என்றார் மேனேஜர். பேரிகைப் பக்கத்துப் பூந்தோட்டங்களில் குளிருக்குப் போர்த்துகிற கனத்த வெள்ளைத் துணியை மொத்தமாக வரவழைத்தார். அதை இரட்டையாக மடித்து, தலையில் ஒரு கட்டு, இடுப்பில் ஒரு கட்டு, காலில் ஒரு கட்டு போட்டு முடித்தோம். துணி மிஞ்சியது. குளிருக்குப் போர்த்திக்கொள்ளட்டும் என்று தோட்டத்துப் பெண்களுக்கு ஆளுக்கொரு துண்டு கிழித்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை முதல் ஷிப்டு பஸ்ஸில் நானும் இருந்தேன். ஹைவேயிலிருந்தே மூடுபனி. பஸ் வாசலுக்குள் திரும்பியதும் ஹெட்லைட் வெளிச்சம் அந்த இரண்டு வரிசைகள் மேலும் விழுந்தது. ஆள் உயரம், ஆள் பருமன், தலையிலும் இடுப்பிலும் காலிலும் கட்டு. அதுவரை யாரோ யாரையோ கிண்டல் செய்துகொண்டு வந்த பஸ் அப்படியே அடங்கிவிட்டது. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மதுரைக்கார ஃபிட்டர், "என்ன மேடம் இது, ஆஸ்பத்திரி வண்டில இருந்து எறக்கி வரிசையா நிப்பாட்டின மாதிரி..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். எல்லாரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று முதல் நடந்து வருகிறவர்கள் நடைபாதையை விட்டுவிட்டு நடுச்சாலையில், இரண்டு பக்கமும் பார்க்காமல் வந்தார்கள்.

என் பிரிவில் மாதம்மா என்று ஒருவர் இருந்தார். பேரிகைக்காரர், காண்ட்ராக்டில் வேலை. அந்தப் பனைகளில் பாதிக்கு மேல் அவர் குழி வெட்டி நட்டவைதான். அந்த வருடம் மழைக்காலத்தில் அவருடைய கணவர் சூளகிரி கூட்ரோட்டில் ஷிப்டு முடிந்து சாலையைக் கடக்கும்போது லாரி மோதி இறந்துபோயிருந்தார். காரியங்கள் முடிந்து மாதம்மா திரும்ப வேலைக்கு வந்தார். பேச்சு குறைந்திருந்தது. வேலை குறையவில்லை. பஸ் வருவதற்கு முன்பே பால் வண்டியில் வந்து இறங்கி, வாசல் சாலை முழுவதையும் பெருக்கி முடித்திருப்பார். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். இந்தச் சம்பளம்தான் சோறு.

கட்டி முடித்துக் கொஞ்ச நாளில் ஒரு காலை, கேன்டீன் திருப்பத்தில் நிற்கிற கடைசிப் பனையின் துணி திறந்திருந்தது. காற்று கிழித்தால் துணி தாறுமாறாகத் தொங்கும். இது அப்படி இல்லை. தலைக்கட்டு தளர்த்தப்பட்டு, துணி இரண்டு பக்கமும் ஒதுக்கி மடிக்கப்பட்டு, சரியாக முகம் இருக்க வேண்டிய இடம் மட்டும் திறந்திருந்தது. நீங்கள் சாவு வீட்டுக்குப் போயிருப்பீர்கள். கடைசியாகப் பார்க்க வருகிறவர்களுக்காகத் துணியை எப்படி ஒதுக்கி வைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

நானே மூடிக் கட்டினேன். மறுநாள் திறந்திருந்தது. வேறு முடிச்சுப் போட்டேன். அதுவும் அவிழ்ந்திருந்தது. வரிசையில் வேறு எதையும் யாரும் தொடவில்லை, அந்த ஒன்றை மட்டும்தான். போதாக்குறைக்கு, விடியற்காலையில் அந்தத் திறப்பிலிருந்து மெல்லிசாக ஆவி வந்துகொண்டிருந்தது. குளிரில் நாம் பேசும்போது வாயிலிருந்து வருமே, அதே மாதிரி. ஈர வைக்கோல் உள்ளே சூடாகிறது, அவ்வளவுதான் என்று எல்லாருக்கும் விளக்கினேன். விளக்கம் சரியானதுதான். ஆனால் அதைக் கேட்டு ஒருவர்கூடக் கிட்டே வரவில்லை.

வாசல் செக்யூரிட்டி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவரைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"சத்தியமா சொல்லுதேன் மேடம், ராத்திரி ஒருத்தரும் உள்ள வரலை. நான் கண்ணை மூடவும் இல்ல."

"அந்தத் திருப்பம் வரைக்கும் ரவுண்டு போனீங்களா?"

"போவலை மேடம். அதையும் உள்ளபடி சொல்லிப்புடுதேன். பனிக்குள்ள அதுக நிக்கத பாத்தா காலு முன்னால வர மாட்டேங்கு."

கேமராவைப் போட்டுப் பார்த்தோம். மூடுபனியில் திரை முழுக்கப் பால் மாதிரி வெள்ளை. அதற்குள் வெள்ளைத் துணி எங்கே தெரியும்? ஓரிடத்தில் மட்டும் வெள்ளைக்குள் ஒரு வெள்ளை அசைந்தது போல இருந்தது. செக்யூரிட்டி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து போய்விட்டார். நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை.

மேனேஜருக்குச் சேதி போயிற்று. அவர் பேயை நம்புகிறவர் இல்லை, ஆட்களை நம்பாதவர். "வேணும்னே யாரோ பண்றாங்க மேடம். விசிட் நேரத்துல என் பேரைக் கெடுக்கறாங்க. யாருன்னு தெரிஞ்சா அன்னிக்கே கேட் பாஸைப் பிடுங்கிடுங்க. என்கிட்ட கேக்கவே வேணாம்" என்றார். சரி என்று தலையாட்டினேன். எனக்கும் ஆத்திரம்தான். நான் போட்ட முடிச்சை ஒருவர் தினமும் அவிழ்க்கிறார் என்றால் யாருக்குத்தான் வராது?

மறுநாள் கேன்டீனுக்குக் காய்கறி ஏற்றி வருகிற வேனில், முதல் ஷிப்டு பஸ்ஸுக்கு முன்பே வந்து சேர்ந்தேன். கேன்டீன் சுவர் ஓரமாக நின்றேன். வெளிச்சம் வந்தும் வராத நேரம். மூடுபனி தரையோடு தரையாகக் கிடந்தது. பனைகளின் கால்கட்டு தெரியவில்லை. அதனால் எல்லாம் தரையைத் தொடாமல் நிற்பதாகத் தோன்றியது. ஹைவேயில் லாரிகள் போகிற சத்தம்கூட எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது போல இருந்தது.

அப்போது வரிசையிலிருந்து ஒன்று கழன்று நடந்து வந்தது.

பொய் சொல்ல மாட்டேன். ஓட நினைத்தேன், கால் வரவில்லை. செக்யூரிட்டியை மனதுக்குள் கேலி செய்தவள் நான். அந்த வெள்ளை உருவம் அவசரப்படாமல் ஒவ்வொரு பனையையும் கடந்து கடைசிப் பனைக்கு முன்னால் வந்து நின்றது. ஒரே உயரத்தில் இரண்டு வெள்ளை உருவங்கள், எதிரெதிரே. வந்ததன் கைகள் உயர்ந்து நின்றதன் தலைக்கட்டைத் தளர்த்தின. துணியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கின. உள்ளிருந்து வந்த ஆவி இரண்டுக்கும் நடுவில் எழுந்தது. கொஞ்ச நேரம் எந்த அசைவும் இல்லை.

பிறகு ஒரு குரல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற சாதாரணக் குரல், சொன்னது: "இன்னிக்கும் நீங்க இல்ல. சரி."

அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். தலையோடு போர்த்தியிருந்தது நான் கிழித்துக் கொடுத்த துண்டுத் துணி. உருவம் குனிந்து, சாய்த்து வைத்திருந்த துடைப்பத்தை எடுத்தது.

"மாதம்மா" என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

அவர் திடுக்கிடவில்லை. "மேடமா? இந்தக் குளுருல என்னாத்துக்குங்க வந்தீங்க?"

"நீதானாம்மா தினமும்?"

"ஆமாங்க." மறைக்கிற எண்ணமே அவரிடம் இல்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"செடி செத்துப்போயிடும்னு தெரியாதா? ஏம்மா இப்படிப் பண்ற?"

அவர் துடைப்பத்தை மறுபடி சாய்த்து வைத்தார். "எங்கூட்டுக்காரர ஆஸ்பத்திரிலேர்ந்து கொண்டாந்தாங்க இல்லீங்களா, தலையிலேர்ந்து கால் வரைக்கும் இப்புடித்தான் கட்டி இருந்துச்சு. மொகத்த தொறங்கன்னேன். வேணாம் மாதம்மா, மொகம் சரியில்ல, நீ பாத்தா தாங்கமாட்டேன்னு பெரியவங்க எல்லாம் என்னைப் புடிச்சிக்கினாங்க. அப்புடியே கொண்டுபோயி பொதைச்சிட்டாங்க. நான் பாக்கவே இல்லீங்க."

சுவர் ஓரத்தை விட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"பாக்காததால மனசு ஒப்ப மாட்டேங்குதுங்க. வேற யாரையோ கட்டிக் கொண்டாந்துட்டாங்கன்னு தோணுது. அவரு எங்கியோ ஷிப்டுல இருக்காருன்னு தோணுது. நீங்க இதுங்களக் கட்டச் சொன்னீங்க. கட்டிட்டேன். மறுநாள் பெருக்க வந்தா, இது ஒண்ணுக்கு மட்டும் ஒரு பக்கம் தோள் எறங்கி நிக்குது பாருங்க. அவருக்கு மூட்டை தூக்கித் தூக்கி அப்புடித்தான் எறங்கி இருக்கும்."

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். அந்தப் பனை இடப்பக்கம் சற்றுச் சரிந்து நின்றது. அத்தனை நாள் பார்த்தும் என் கண்ணில் படவில்லை.

"செடின்னு எனக்குத் தெரியாதுங்களா மேடம்? நட்டதே நான்தான். ஆனா மூடி இருந்தா தாண்டிப் போவ முடியலீங்க. தொறந்து பாத்தா எலைதான் இருக்குது. அப்பாடான்னு பெருக்கப் போயிடுவேன்."

ஹாரன் சத்தம் கேட்டது. முதல் ஷிப்டு பஸ் என்று நினைத்தேன். மேனேஜரின் கார். விசிட்டுக்காக அன்று சீக்கிரமே வந்துவிட்டார். நேராகத் திருப்பம் வரை ஓட்டி வந்து, கண்ணாடியை இறக்கினார். திறந்திருந்த துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துடைப்பமும் கையுமாக நின்ற மாதம்மாவைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். உண்மையைச் சொன்னால் அந்த நிமிடமே கேட் பாஸ் போய்விடும். அந்த இரண்டு பிள்ளைகளின் சோறு போய்விடும்.

"நான்தான் சார் தொறக்கச் சொன்னேன்" என்றேன். "காத்தோட்டம் வேணும். எல்லாத்துக்கும் இப்படி முகம் விடப் போறோம்."

"இத்தனை நாள் இல்லாம இப்ப என்ன திடீர்னு? யார் திறக்கறான்னுதானே தேடிட்டிருந்தோம்?"

"டெஸ்ட் பண்ணிட்டிருந்தேன்." வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"குளிர்ல செத்தா?"

"என் பொறுப்பு சார். என் கேட் பாஸைப் பிடுங்கிக்கங்க."

அவர் காரை விட்டு இறங்கினார். "சரி, அடுத்ததைத் திறங்க. நானும் பாக்கறேன்."

அடுத்த பனையின் தலைக்கட்டை நான் அவிழ்த்தேன். அது நாங்கள் கட்டிய நாளிலிருந்து யாரும் தொடாதது. துணியை ஒதுக்கியதும் வந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. செத்த உடம்பின் நாற்றம் என்று சொன்னால் மிகையில்லை. மேனேஜர் கைக்குட்டையை எடுத்தார். உள்ளே கைவிட்டு நடுக்குருத்தைப் பிடித்தேன். இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, தொட்டதுமே வழுவழுவென்று கையோடு வந்துவிட்டது. அடி கறுத்துக் கூழாகியிருந்தது. அதற்கடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததில் இப்போதுதான் ஆரம்பித்திருந்தது. கனத்த துணி இரட்டையாக, மேலே கெட்டிக் கட்டு, உள்ளே வைக்கோலின் ஈரச் சூடு, போக வழியில்லாத ஆவி. பூஞ்சைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சாக்கு மூச்சு விட்டது, இந்தத் துணி விடவில்லை.

கடைசிப் பனைக்குத் திரும்பி வந்து அதன் குருத்தைத் தொட்டேன். உலர்ந்து, கெட்டியாக, சிவப்பாக இருந்தது.

மேனேஜர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "எல்லாத்தையும் திறந்துடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காருக்குப் போனார். குருத்து போனவற்றில் பல, தூரில் இருந்த பக்கக் கன்றுகளால் பின்னால் பிழைத்துக்கொண்டன. சில போய்விட்டன. அந்த இடங்களில்தான் இப்போது நீங்கள் குரோட்டன் வைத்திருக்கிறீர்கள்.

இதில் உங்களுக்கு வேலைக்கு ஆகிற விஷயம் என்று கேட்டால், இரண்டு சொல்வேன். ஆவி வந்தால் அதற்குக் காரணம் சொல்லி நிறுத்திவிடாதீர்கள், உள்ளே கையை விட்டுப் பாருங்கள். இன்னொன்று, யாரும் வரவில்லை என்று ஒருவர் சத்தியம் செய்தால், அவர் யாரை ஆளாகவே எண்ணவில்லை என்று கேளுங்கள். பிறகு செக்யூரிட்டியைக் கேட்டபோது, "அந்தம்மா தினமும் வாரதுதானே மேடம், அதை எதுக்குச் சொல்லணும்?" என்றார். தினமும் முதல் ஆளாக உள்ளே வருகிற ஒருவர் அவர் கணக்கில் இல்லை. நானும் மாதம்மாவை ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அன்றே எல்லாப் பனைகளுக்கும் கிழக்குப் பார்த்து, முகம் உயரத்தில் துணியைத் திறந்துவிட்டோம். குருத்து அந்த உயரத்தில்தான் இருக்கிறது, காலை வெயில் நேராக விழும். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அது இன்னும் மோசமாகிவிட்டது. முன்பு மூடி நின்றவை இப்போது இருட்டு முகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றன. சிலர் கண்ணை மூடிக்கொண்டு வந்தார்கள். மதுரைக்கார ஃபிட்டர் மட்டும் ஜன்னலுக்கு வெளியே கையாட்டி, "குட்மார்னிங்ணே" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தார். மெல்ல மெல்லப் பழகிவிட்டது. விசிட் வந்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை, படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மாதம்மா தினமும் அந்தத் திருப்பத்தில் ஒரு நிமிடம் நிற்பதைப் பார்ப்பேன். பார்க்காத மாதிரி போய்விடுவேன்.

தை முடியப் போகிற சமயம். குளிர் இன்னும் விடவில்லை, மூடுபனி அன்று மிக அதிகம். வரிசை முழுக்க முகங்கள் திறந்திருந்தன. கடைசிப் பனை மட்டும் மூடியிருந்தது. துணி இழுத்துவிடப்பட்டு, மடிப்பு நீவப்பட்டு, தலைக்கட்டு இறுக்கமாகப் போடப்பட்டிருந்தது. மாதம்மா வாசல் பக்கம் பெருக்கிக்கொண்டிருந்தார். வேகமாகப் போனேன்.

"ஏம்மா அதை மூடின?"

"பாத்தாச்சுங்க மேடம்" என்றார். துடைப்பம் நிற்கவில்லை.

"என்னத்தைப் பாத்த?"

"மொகத்தைங்க."

"இலைதானேம்மா இருந்துச்சு?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகம் கழுவித் துடைத்தது போலத் தெளிவாக இருந்தது. பல மாதங்களாக அந்த முகத்தில் நான் பார்க்காத தெளிவு. "ஆமாங்க. எலைதான்" என்றார். என் மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொன்னது போல இருந்தது. பிறகு குனிந்து பெருக்க ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பின் அவர் அந்தப் பனைப் பக்கம் நின்று நான் பார்க்கவில்லை. வீட்டில் கணவரின் படத்தை மாட்டி மாலை போட்டதாக மற்றப் பெண்கள் சொன்னார்கள். அதுவரை மாட்ட விடாமல் இருந்தாராம்.

மூடியது மூடியபடி விட முடியாது, குருத்து அழுகிவிடும். நான் திரும்பப் போய் அந்தக் கட்டில் கையை வைத்தேன். பூஞ்சைக்கு மட்டும் பயப்படுகிறவள்தான் நான். ஆனாலும் முடிச்சை அவிழ்த்துவிட்டு, துணியை ஒதுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அப்புறம்தான் ஒதுக்கினேன். உள்ளே இலைதான் இருந்தது. நான் அறியாமலே "சரி" என்று சொல்லியிருக்கிறேன்.

ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு மார்கழியிலும் அந்தக் கடைசிப் பனையின் முகத்தை மட்டும் நானேதான் திறந்துவிட்டேன். இந்த வருடம் அது உங்கள் வேலை. குருத்தைப் பாருங்கள், ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால் ஒரு நொடி, உள்ளே இருப்பது இலைதானா என்றும் பார்த்துவிடுங்கள். இலைதான் இருக்கும். இருந்தாலும் பாருங்கள்.